டாட் என்வ் ஃபைல் பிறந்த கதை

"தம்பி, மேல தலைப்பு மட்டும் வருது. கீழ ஒண்ணுமே இல்லையே" என்றார் அச்சகக்காரர்.

யார் ஆர்டர் கொடுத்தார்கள், என்ன தாள், எத்தனை பிரதி, என்றைக்குத் தர வேண்டும் என்பதையெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ள அவருக்காக நான் எழுதிக்கொடுத்த சின்ன வெப் ஆப் அது. முந்தின நாள் ராத்திரிதான் சர்வரில் ஏற்றியிருந்தேன். "இங்க நல்லா வருதேண்ணே" என்று சொல்லிக்கொண்டே அதே லிங்க்கை என் லேப்டாப்பில் திறந்தேன். கல்யாணப் பத்திரிகை 500, பில் புக் 20 என்று பட்டியல் முழுதாக வந்து நின்றது. அவை எல்லாமே சோதனைக்காக நானே அடித்துவைத்த போலி ஆர்டர்கள் என்பது உறைக்க அரைமணி நேரம் ஆனது.

பில்ட் ஆகி சர்வருக்குப் போயிருந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்து தேடினேன். இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக் கிடந்த எழுத்துகளுக்கு நடுவே அது இருந்தது: லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 5000. லோக்கல்ஹோஸ்ட் என்றால் "நான் ஓடுகிற இந்தக் கருவியே" என்று பொருள். என் லேப்டாப் தன்னையே கேட்டது. அங்கே பேக்கெண்ட் ஓடிக்கொண்டிருந்ததால் பதில் வந்தது. அவருடைய போன் தன்னையே கேட்டது. அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை. ஒரு சிறு வியாபாரியின் கையிலிருந்த போன், அவருடைய ஆர்டர்களைத் தன்னிடமே கேட்டுவிட்டு வெறுமையாக நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

வரியை மாற்றினேன், மறுபடி பில்ட் செய்தேன், ஏற்றினேன். வேலை முடிந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. பேக்கெண்ட் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்? நிரலை எழுதுகிறவரா, அதை ஓரிடத்தில் ஓடவிடுகிறவரா? தேடிப் போனபோது, இந்தக் கேள்வி வெப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுந்து, பதிலும் கிடைத்திருந்தது தெரிந்தது.

1975இல் பெல் லேப்ஸிலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் ஷெல்லை எழுதியவர் கென் தாம்சன். நாம் ஒரு கட்டளையின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருள்ள புரோகிராமை ஷெல் மூன்று இடங்களில் தேடும். முதலில் நாம் நிற்கும் டைரக்டரி, அடுத்து பின், அதற்கடுத்து யூசர் பின். இந்த மூன்று இடங்களும் ஷெல்லின் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. நான்காவதாக ஓரிடம் வேண்டுமென்றால் ஷெல்லையே திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அச்சகக்காரரின் ஆப்பில் நான் செய்துவைத்திருந்ததும் இதே காரியம்.

பெல் லேப்ஸிலேயே இன்னொரு குழுவுக்கு இது போதவில்லை. புரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற பெயரில் பெரிய பெரிய திட்டங்களுக்கு யுனிக்ஸைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கருவிகள், தனி டைரக்டரி. அங்கே ஜான் மாஷி ஷெல்லை மாற்றினார். எங்கெங்கே தேட வேண்டும் என்பதைப் பயனரே தன் வீட்டு டைரக்டரியில் டாட் பாத் என்ற சின்ன ஃபைலில் எழுதிவைக்கலாம். ஷெல் அதைப் படித்துக்கொள்ளும். புள்ளியில் தொடங்கும் பெயர், உள்ளே இடம் மட்டும். இன்றைய டாட் என்வ் ஃபைலின் முகஜாடை அப்போதே அதில் இருக்கிறது.

இதையே பொதுவாக்கித் தந்தது 1979 ஜனவரியில் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு. ஸ்டீபன் பர்ன் எழுதிய புது ஷெல்லும், என்விரான்மென்ட் என்ற ஏற்பாடும் அதில் சேர்ந்தே வந்தன. யுனிக்ஸில் எந்தப் புரோகிராமையும் வேறொரு புரோகிராம்தான் தொடங்கிவைக்கும். அப்படித் தொடங்கும்போது, பிள்ளை ஊருக்குப் புறப்படுகையில் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதுபோல, சில வரிகளைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பும். ஒவ்வொரு வரியும் ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. அன்றைய கையேட்டில் பட்டியலிட்டிருந்த பெயர்கள் பாத், ஹோம், டெர்ம் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிள்ளைக்குப் போவது நகல். அது தன் மூட்டையில் எதை மாற்றினாலும் வீட்டுப் பானையில் எதுவும் மாறாது. அந்தப் பிள்ளை தனக்கொரு பிள்ளையைத் தொடங்கினால், தன் கையிலிருப்பதை அதற்கும் கட்டிக் கொடுக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். லினக்ஸ் சர்வரில் ப்ரோக் டைரக்டரிக்குள் போய், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவதொரு புரோகிராமின் எண்ணைத் திறந்து, உள்ளே என்விரான் என்ற ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள். வரி பிரியாமல் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஹோம் சமம் இது, பாத் சமம் அது, டேட்டாபேஸ் கடவுச்சொல் சமம் இன்னொன்று. புரோகிராம் பிறந்த நொடியில் அதன் கையில் கொடுத்தவை அவை. இத்தனை எளிமையான ஓர் ஏற்பாடு 40 ஆண்டுகளைத் தாண்டியும் உருமாறாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0இலும் செட் என்ற கட்டளையாக இது குடிபுகுந்தது.

வெப்புக்கு இது வந்து சேர்ந்த வழி கொஞ்சம் கோணலானது. 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் வெப் சர்வர் எழுதியவர்கள், சர்வருக்கும் அது ஓட்டும் ஸ்கிரிப்ட்டுக்கும் இடையே பேச்சுவார்த்தைக்கு ஒரு வழி தேடினார்கள். சிஜிஐ என்ற அந்த ஏற்பாட்டில், பிரவுசர் அனுப்பும் கோரிக்கையின் விவரங்களே என்விரான்மென்ட் வரிகளாக மாறி ஸ்கிரிப்ட்டுக்குப் போகும். பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு ஹெடரின் பெயருக்கும் முன்னால் எச்டிடிபி என்று சேர்த்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். அதே சமயம், வெளியே போகும் அழைப்புகள் எந்த ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டும் என்பதை எச்டிடிபி ப்ராக்ஸி என்ற வரியைப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கமும் பல மென்பொருள்களில் வளர்ந்திருந்தது. அப்படியானால் யாரோ ஒருவர் ப்ராக்ஸி என்ற பெயரில் ஒரு ஹெடரை அனுப்பினால் என்ன ஆகும்? சர்வர் தன் உள் அழைப்புகளை அந்த ஆள் சொன்ன முகவரி வழியாக அனுப்பத் தொடங்கும். இந்த ஓட்டையை 2001லேயே பெர்ல் மொழிக்காரர்கள் கண்டு தங்கள் பக்கத்தில் அடைத்தார்கள். மற்ற பல மொழிகளில் அது அப்படியே கிடந்து, 2016 ஜூலையில் எச்டிடிபாக்சி என்ற பெயரில் எல்லோரையும் ஓடவைத்தது. கட்டுச்சோற்றில் வழிப்போக்கரும் கைவைக்க முடிந்ததால் வந்த வினை. முகவரியை வெளியிலிருந்து பெறுவது நல்ல வழிதான். ஆனால் அதைச் சொல்பவர் யார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சிஜிஐ வந்ததற்கு அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம்மில் பலர் வெப்புக்குள் நுழைந்தது பிஎச்பி வழியாக. அங்கே எல்லா மதிப்பும் நிரலோடு நிரலாக ஒரு கான்ஃபிக் ஃபைலில் இருக்கும். 2003இல் பிறந்த வேர்ட்பிரஸில் டேட்டாபேஸ் எங்கே என்பதை அந்த ஃபைல் சொல்லும். தளத்தின் சொந்த முகவரியோ டேட்டாபேஸுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப்பில் கட்டிய தளத்தை அப்படியே சர்வருக்குக் கொண்டுபோனால், எந்த லிங்க்கைத் தட்டினாலும் மறுபடி லோக்கல்ஹோஸ்ட்டுக்கே இழுக்கும். டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து முகவரியைத் தேடி மாற்றிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் தெரியும். பிஎச்பி சில மதிப்புகளை எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கும். லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு முன்னால் 16 என்று எழுதியிருக்கும். முகவரியை மட்டும் மாற்றி 16ஐ விட்டுவிட்டால் அந்த மதிப்பையே படிக்க முடியாமல் போய், விட்ஜெட்டுகள் காணாமல்போகும். இந்த ஒரு காரணத்தால் எத்தனை பேர் எத்தனை ராத்திரி தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

2004இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் ஒரு படி முன்னே போனது. டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்ஷன் என்று மூன்று சூழல்களுக்குப் பெயர் வைத்து, ஒரே ஃபைலில் மூன்று பத்திகளாக டேட்டாபேஸ் விவரங்களை எழுதச் சொன்னது. படிக்க அழகாக இருந்தது. ஆனால் புரொடக்ஷன் கடவுச்சொல்லும் அதே ஃபைலில்தான். அது நிரலோடு சேர்ந்து கமிட் ஆகும், குழுவில் புதிதாக வந்தவரின் லேப்டாப்புக்கும் போகும்.

திருப்பம் நேர்ந்தது ஹெரோக்குவில். ஜேம்ஸ் லிண்டன்பாம், ஆடம் விக்கின்ஸ், ஓரியன் ஹென்றி ஆகிய மூவரும் 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் அது. நிரலை கிட்டில் புஷ் செய்தால் போதும். பில்ட் செய்து ஓட்டுவது அவர்கள் பொறுப்பு. எந்த மெஷினில் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. புரோகிராம் மறுபடி தொடங்கும்போது டிஸ்க்கில் நாம் எழுதியது எதுவும் மிஞ்சாது. சர்வருக்குள் நுழைந்து ஒரு கான்ஃபிக் ஃபைலைக் கையால் வைத்துவிட்டு வரும் பழைய வழி அங்கே அடைபட்டுப்போனது. நிரலுக்குள்ளும் எழுதக் கூடாது, டிஸ்க்கிலும் வைக்க முடியாது என்றால் மிஞ்சுவது ஒன்றுதான்: புரோகிராமைத் தொடங்கும் நொடியில் கையில் கொடுப்பது. 1979இன் கட்டுச்சோற்றை அவர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். டேட்டாபேஸின் பயனர் பெயர், கடவுச்சொல், மெஷின், போர்ட் எல்லாவற்றையும் ஒரே முகவரியாகச் சேர்த்து டேட்டாபேஸ் யூஆர்எல் என்று ஒரு வரி. எந்தப் போர்ட்டில் காது கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் போர்ட் என்று இன்னொரு வரி. நம் ஆப் தன் போர்ட்டைக்கூடத் தானே முடிவுசெய்யாது. பிறக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

அந்த அனுபவத்தை 2011இல் ஆடம் விக்கின்ஸ் 12 கூறுகளாக எழுதிவைத்தார். ட்வெல்வ் ஃபேக்டர் ஆப் என்று வழங்குவது அதுதான். மூன்றாவது கூறு கான்ஃபிக். அதில் அவர் வைக்கும் பரீட்சை எனக்கு மிகவும் பிடித்தது: உங்கள் நிரலை இந்த நொடியே ஊரறிய ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிட்டாலும் ஒரு ரகசியமும் வெளியே போகாது என்று சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் உங்கள் கான்ஃபிக் சரியான இடத்தில் இருக்கிறது. ரெயில்ஸ் பாணியில் சூழல்களைக் கூட்டமாகக் கட்டிப் பெயர் வைப்பதையும் அவர் ஏற்கவில்லை. இன்றைக்கு ஸ்டேஜிங் வரும், நாளைக்கு க்யூஏ வரும், மறுநாள் ஒருவருடைய சொந்த ஸ்டேஜிங் வரும், பட்டியல் பெருத்துக்கொண்டே போகும் என்பது அவர் வாதம். ஒவ்வொரு மதிப்பும் தனித்தனியாக நிற்கட்டும் என்றார்.

இந்த அறிவுரை எத்தனை அவசியமானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2016இல் ஊபரின் பொறியாளர்கள் கிட்ஹப்பில் தனியாகப் பூட்டிவைத்திருந்த நிரலுக்குள் புகுந்தவர்களுக்கு அமேசான் கிளவுடின் சாவி கிடைத்தது. அது நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தது. அதைக் கொண்டு உலகெங்கும் 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்துப்போனார்கள்.

சர்வருக்கு வழி பிறந்தது. லேப்டாப்புக்கு? சர்வரில் ஓர் ஆப் மட்டும் ஓடும். நம் லேப்டாப்பில் ஐந்து புராஜெக்ட் கிடக்கும். ஐந்துக்கும் டேட்டாபேஸ் யூஆர்எல் என்ற அதே பெயர். ஒவ்வொரு முறையும் டெர்மினலில் பத்து வரி அடித்து எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருக்க யாராலும் முடியாது. ஹெரோக்குவில் இருந்த டேவிட் டாலர் எழுதிய ஃபோர்மேன் என்ற கருவி, ஆப்பைத் தொடங்கும் முன் அந்த டைரக்டரியிலிருக்கும், அதே பெயர், சமக்குறி, மதிப்பு வரிகளைக் கொண்ட டாட் என்வ் ஃபைலைப் படித்துக்கொள்ளும். 2012இல் பிராண்டன் கீப்பர்ஸ் அந்தப் பழக்கத்தை ரூபிக்கு ஒரு தனி லைப்ரரியாக ஆக்கினார். 2013இல் ஸ்காட் மோட் அதை நோட் ஜேஎஸ் உலகுக்குக் கொண்டுவந்தார். பிஎச்பி, பைதான் என்று அது பரவிப்போன வேகத்தை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2023இல் நோட் 20.6 பதிப்பு, லைப்ரரியே தேவையில்லாமல் என்வ் ஃபைலைப் படிக்கத் தொடங்கியது.

பெயருக்கு முன்னால் புள்ளி ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு துணைக்கதை. யுனிக்ஸ் டைரக்டரிகளில் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் எப்போதும் இருக்கும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அவற்றைக் காட்டாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தாண்டிப்போகும்படி எழுதினார்கள். அந்தக் குறுக்குவழியால், புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்துபோயின. பெல் லேப்ஸில் பணிபுரிந்த ராப் பைக் பின்னாளில் இதை ஒரு தவறு என்றே சொன்னார். அந்தத் தவறின் நிழலில்தான் நம் ரகசியங்கள் ஒதுங்கியிருக்கின்றன.

டாட் என்வ் லைப்ரரிகளில் ஒரு சின்ன நியதி உண்டு. பலர் கவனிப்பதில்லை. ஒரு பெயருக்கு ஏற்கெனவே என்விரான்மென்ட்டில் மதிப்பு இருந்தால், ஃபைலில் இருப்பதை அவை சாதாரணமாக அதன்மேல் எழுதுவதில்லை. தொடங்கிவைத்தவர் கையில் கொடுத்ததே செல்லும், கொடுக்காதபோதுதான் ஃபைல். இந்த நியதிதான் டாட் என்வ் ஃபைலை அதன் இடத்தில் வைத்திருக்கிறது என்பேன். அது லேப்டாப்புக்கான மாற்று ஏற்பாடு. அதையே புரொடக்ஷன் சர்வருக்கும் காப்பி செய்து வைப்பதும், கிட் இக்னோரில் சேர்க்க மறந்து கமிட் செய்வதும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போவதுதான்.

இத்தனையும் பேக்கெண்டுக்குப் பொருந்தும். என் அச்சகக்காரரின் சிக்கல் ஃபிரண்ட்எண்டில். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் பிறக்கிறது. அங்கே அதற்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்க நாம் இல்லை. அதனால் கருவிகள் ஒரு தந்திரம் செய்தன. பில்ட் நடக்கும்போதே என்வ் வரியைப் படித்து, நிரலில் அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் மதிப்பை எழுத்தாகவே ஒட்டிவிடும். 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கிரியேட் ரியாக்ட் ஆப், ரியாக்ட் ஆப் என்ற முன்னொட்டோடு வரும் பெயர்களை மட்டும் ஒட்டும். இவான் யூ 2020இல் கொண்டுவந்த வீட், வீட் என்று தொடங்கும் பெயர்களை மட்டும் ஒட்டும். இந்த முன்னொட்டு ஒரு வேலி. அது இல்லாவிட்டால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் தவறுதலாக ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவர் போனுக்கும் போய்விடும்.

நான் சறுக்கியது இங்கேதான். பார்க்க என்வ் வரிபோல இருப்பதால், சர்வரில் அதன் மதிப்பை மாற்றினால் ஆப்பும் மாறிவிடும் என்று நம்பினேன். பில்ட் முடிந்த கணமே அது கல்லெழுத்து. ஸ்டேஜிங்கில் சரிபார்த்த அதே பில்டை அப்படியே புரொடக்ஷனுக்குத் தள்ளினால், அது ஸ்டேஜிங் பேக்கெண்டோடுதான் பேசும். ஒருமுறை பில்ட் செய்து எங்கும் ஓடவிட வேண்டும் என்றால், பக்கம் திறக்கும்போது முதலில் ஒரு சின்ன ஜேசன் ஃபைலை இறக்கி, முகவரியை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கன்டெய்னர் தொடங்கும்போது அந்த ஃபைலை என்விரான்மென்ட்டிலிருந்து எழுதிவிடலாம்.

சின்ன ஆப் என்றால் நான் இன்னும் எளிய வழியைத்தான் பரிந்துரைப்பேன். முகவரியே வேண்டாம். ஃபிரண்ட்எண்ட் வெறும் ஸ்லாஷ் ஏபிஐ என்று மட்டும் கேட்கட்டும். பக்கம் எந்த டொமைனிலிருந்து வந்ததோ அங்கேயே அது போய்ச் சேரும். புரொடக்ஷனில் என்ஜின்எக்ஸ் அதை வாங்கிப் பேக்கெண்டுக்குத் தள்ளும். லேப்டாப்பில் டெவ் சர்வரின் ப்ராக்ஸி தள்ளும். போர்ட் மாறினாலே வேறு ஒரிஜின் என்று பிரவுசர் தடுக்கும் கார்ஸ் தொல்லையும் இதோடு போய்விடும். பேக்கெண்ட் எங்கே என்ற கேள்வி பிரவுசரை விட்டு நகர்ந்து, கட்டுச்சோறு கிடைக்கும் சர்வருக்கே திரும்பிவிடுகிறது.

லோக்கல்ஹோஸ்ட்டை மட்டும் எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் அந்தச் சொல்லுக்கு அந்தக் கன்டெய்னர் என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்குள் அந்த எமுலேட்டர். அங்கிருந்து உங்கள் லேப்டாப்பைத் தொட 10.0.2.2 என்று கேட்க வேண்டும். 2021இல் வந்த நோட் 17க்குப் பிறகு, பல மெஷின்களில் அது 127.0.0.1க்குப் பதிலாக ஐபிவி6 முகவரிக்குப் போகத் தொடங்கி, நேற்றுவரை ஓடிய ஆப்களில் கனெக்ஷன் மறுக்கப்பட்டது. சொல் ஒன்றுதான். அதன் பொருள், அது எங்கிருந்து சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

அச்சகக்காரரின் ஆப்பை அந்த ஸ்லாஷ் ஏபிஐ வழிக்கே மாற்றினேன். இரண்டு வருஷம் கழித்து சர்வரையும் டேட்டாபேஸையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அடைத்திருந்த நேரம், டேட்டாவை மாற்றி ஏற்றி, டேட்டாபேஸ் யூஆர்எல்லில் புது முகவரியைப் போட்டுப் பேக்கெண்டை மறுபடி தொடங்கி, டொமைனைப் புது சர்வருக்குத் திருப்பினேன். ஃபிரண்ட்எண்ட் பில்ட் பழையதேதான். ஓர் எழுத்தும் மாறவில்லை. திங்கட்கிழமை காலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தபோது நெஞ்சு படபடத்தது.

"தம்பி, மேப்லித்தோ தாள் விலை ஏறிப்போச்சு. அதை எங்க மாத்துறது?"

"மேல மூணு கோடு இருக்குல்லண்ணே, அதைத் தட்டுங்க. விலைப்பட்டியல்னு வரும்."

தட்டும் சத்தம் கேட்டது. "ஆங், வந்துருச்சு" என்றார்.